நாளைப் போவார்: ‘ஊக்கம்’ என்னும் சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

திருக்குறளில் ‘ஊக்கமுடைமை’ 60ஆவது அதிகாரம். பொருட்பாலில் அரசியல் என்று பகுக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது. அதைத் தொடர்ந்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை. பள்ளிக்கூடச் சுவர்களிலும் பயிற்சி மையங்களின் நாட்காட்டிகளிலும் காணக் கிடைக்கிற குறள்களில் பெரும்பாலானவை இந்த நாலு அதிகாரத்துக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவைதாம். இவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டவை என்று பார்த்தால், வைப்புமுறையின்படி அரசனை நோக்கி. நிலமும் படையும் கருவூலமும் கைவசம் உள்ள ஒருவன் சோம்பிக் கிடந்தால் நாடு கெட்டுப்போகுமே என்ற கவலையில் சொல்லப்பட்டவை. இன்றைக்கு அதே சொற்கள் முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டுப் பெண்ணின் இயற்பியல் நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கின்றன. குறள் எல்லாருக்கும் பொதுதானே என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். பொதுவாக்கப்பட்டபோது அரசனுக்குக் கைவசம் இருந்தவை எதுவும் கூடவே வரவில்லை, சொல் மட்டும்தான் வந்தது என்பதுதான் இங்கே என் பிரச்சினை.

கடந்த சில ஆண்டுகளாக ஒருவகை எழுத்தை நான் சேர்த்து வருகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போகிற சாலையில் சுவர்களை மறைத்திருக்கும் நீட் பயிற்சி விளம்பரங்கள். பள்ளிகளில் ‘மோட்டிவேஷன் கிளாஸ்’ என்ற பெயரில் நடக்கும் இரண்டு மணி நேரப் பேச்சுகளில் உட்கார்ந்து எடுத்த குறிப்புகள். இவற்றை இலக்கியம் அல்ல என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த மாவட்டத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகள் கதை, கவிதையைக் காட்டிலும் அதிகமாக வாசிக்கிற தமிழ் உரைநடை இதுதான். புதுமைப்பித்தன் பிறந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர், ஜெயகாந்தன் பிறந்தது மஞ்சக்குப்பம் என்று நாம் மேடையில் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிற அதே ஊரில், அந்தப் பேருந்து நிலையத்துத் துண்டறிக்கைதான் வாசிக்கப்படுகிறது. விமரிசகன் அதை விட்டுவிட்டு எதை வாசிக்கப் போகிறான்?

இந்தப் பிரதிகளின் இலக்கணத்தைக் கவனித்தால் சில விஷயங்கள் துலக்கமாகும். எல்லாமே முன்னிலை ஒருமை. ‘நீ’. ‘நீங்கள்’ என்பது ரொம்ப அபூர்வம், ‘நாம்’ அறவே கிடையாது. காலம் எதிர்காலம்: வெல்வாய், அணிவாய், நிற்பாய். இடம் என்று ஒன்று இல்லவே இல்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் தெரு, ஆறரை மணிக்குப் போய்விட்டால் அடுத்து எட்டேகாலுக்கு வரும் டவுன் பஸ், மாதாந்திர வயிற்றுவலி, கட்டாத தவணை, எதுவும் இந்த உலகத்தில் இல்லை. தடைகளுக்கெல்லாம் உள்ளே இருந்தே பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது: சோம்பல், செல்போன், எதிர்மறை எண்ணம், கெட்ட சகவாசம். தெருவில் போகிறவனை ஒரு போலீஸ்காரர் ‘ஏய், நீதான்’ என்று கூப்பிட, அவன் திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்திலேயே தன்னிலையாகிவிடுகிறான் என்று அல்தூஸர் சொன்னது நம் பத்திரிகைகளில் பலமுறை எழுதித் தேய்ந்த உதாரணம். அதை இங்கே மறுபடி சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தப் போலீஸ்காரர் கூப்பிடும்போது ஒரு தெருவாவது இருந்தது. துண்டறிக்கையின் ‘நீ’க்குத் தெருகூட இல்லை.

இந்தக் குரல் தமிழுக்குப் புதிது அல்ல. எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ மாதிரியான நூல்கள் ஒரு தலைமுறையையே எழுப்பி உட்கார வைத்தவை. இடதுசாரிகளாகிய நாம் அவற்றை அப்போது நக்கலடித்தோம். சும்மா சொல்லக்கூடாது, அந்த நூல்களுக்கும் இந்தத் துண்டறிக்கைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. உதயமூர்த்தியின் வாசகன் என்ன ஆக வேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கலாம். கடை வைக்கலாம், விவசாயம் பண்ணலாம், ஊரைத் திருத்தலாம். அளவுகோல் அவன் கையில் இருந்தது. துண்டறிக்கை அந்தக் குரலை இரவல் வாங்கிக்கொண்டு அளவுகோலை மட்டும் வேறொருவர் கையில் கொடுத்துவிட்டது. 180 கேள்வி, 720 மதிப்பெண், சரியான விடைக்கு 4, தப்பான விடைக்கு ஒன்று கழிவு. ‘உன்னை நீ நம்பு’ என்று சொல்லிவிட்டு, நம்பியது சரிதானா என்பதை டெல்லியில் உள்ள ஒரு முகமை சொல்லும் என்கிறது.

*

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு ஊரில் சில காலம் மாலை வகுப்பு எடுத்தேன். அங்கே ஒரு மாணவியின் கால அட்டவணையைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பாடத்துக்கு ஒரு வண்ணம். காலை 4.30 முதல் 6.30 வரை உயிரியல். பேச்சாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்த மாதிரி அட்டவணையை அப்படியே இறக்கியிருந்தாள். ஆனால் மார்ச் கடைசி வாரத்திலிருந்து அட்டவணையின் ஓரத்தில் பென்சிலில் வேறு ஒரு அட்டவணை தொடங்குகிறது: எத்தனை கிலோ, எவ்வளவு பாக்கி, அம்மாவுக்கு எந்த நாள் முடியவில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் முந்திரி இறங்குவது மார்ச்சிலிருந்து மே வரை. நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிறு. கொட்டையிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து கறுக்கும்; சாம்பலைத் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள். அந்த விரலோடு மறுநாள் பேனா பிடிப்பதைப் பற்றி எந்த மோட்டிவேஷன் கிளாசிலும் ஒரு வார்த்தை சொல்லப்பட்டதில்லை.

அவளிடம் ஊக்கம் இல்லையா? ‘ஏம்மா, ரெண்டு வாரமா டெஸ்ட்டு எழுதல’ என்று கேட்டதற்கு, ‘இன்ட்ரஸ்ட் போயிடுச்சி சார்’ என்றாள். இந்தப் பதிலைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். முந்திரி என்று சொல்லவில்லை, அம்மா என்று சொல்லவில்லை. வெளியே நடந்த ஒன்றை உள்ளே நடந்ததாகச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். தேர்வு என்பது ஒவ்வொரு ஆளையும் தனித்தனி ‘கேஸ்’ ஆக்கிப் பதிவு செய்கிற அதிகாரத் தொழில்நுட்பம் என்று ஃபூக்கோ 1975இல் எழுதினார். அவர் விவரித்த தேர்வாளர் வெளியே நின்று பார்க்கிறவர். இங்கே தன் கேஸ் கட்டைத் தானே எழுதி, நோயின் பெயரையும் தானே போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஊக்கம் என்னும் சொல்லாடலின் வெற்றி இந்த இடத்தில்தான் இருக்கிறது. தேறியவர்களை அது தேறவைத்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். தேறாதவர்களுக்கு அது ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

கணக்கை எளிமையாகப் பார்ப்போம். 2024இல் நாடு முழுக்க இந்தத் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள், தனியார் கல்லூரிகளில் கோடிக்கணக்கில் கொட்டி வாங்க வேண்டியவற்றையும் சேர்த்து, ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். நூறு பேர் எழுதினால் தொண்ணூற்றைந்து பேருக்கு இடம் கிடையாது என்பது தேர்வு நடப்பதற்கு முன்னாடியே முடிவாகிவிட்ட விஷயம். நூறு பேரும் 4.30க்கு எழுந்தாலும் இதுதான் நிலை.

*

நுழைவுத்தேர்வு இங்கே புதிதாக வந்து இறங்கிய பேய் அல்ல. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வைக் கொண்டுவந்தது 1984இல் எம்.ஜி.ஆர். அரசு. அதை ஒழிக்க 2005இல் ஜெயலலிதா அரசு எடுத்த முயற்சியை உயர்நீதிமன்றம் தள்ளியது. அனந்தகிருஷ்ணன் குழு அறிக்கைக்குப் பின் கருணாநிதி அரசு 2006இல் நிறைவேற்றிய சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து 2016 வரை பத்து ஆண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்தான். அந்தப் பத்து ஆண்டுகளை இன்றைக்கு நம் மேடைகளில் பொற்காலம் மாதிரி பேசுகிறார்கள். இல்லை. விடுதியில் அடைத்து, பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்த பிராய்லர் பள்ளிகள் கொழித்ததும் அப்போதுதான். அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் அப்போதும் சொற்பமே. ஆனாலும் அந்த முறைக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. பதினேழு வயதில் எழுதினாய், வந்தது அல்லது வரவில்லை, அடுத்த வேலையைப் பார்.

நீட் கொண்டுவந்த முக்கியமான மாற்றம் அந்த முடிவுத் தேதியை எடுத்துவிட்டதுதான். 2013இல் முதல்முறை நடத்தி, அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றத்தால் ரத்தாகி, 2016இல் அந்தத் தீர்ப்பே திரும்பப் பெறப்பட்டு, 2017இல் தமிழ்நாட்டில் முழுதாக வந்து சேர்ந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். 2022இல் வயது உச்சவரம்பும் நீக்கப்பட்டது. தாராள மனசு என்றுதான் தோன்றும். விளைவைப் பாருங்கள். 2021இல் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மறுபடி முயன்றவர்கள் 12 விழுக்காட்டுச் சொச்சம். 2020-21இல் அது 71 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பள்ளி முடித்த கையோடு சேர்கிறவர்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். ‘இன்னும் ஒரு வருசம் உக்காந்தா வந்துடும்’ என்பது இந்த மாவட்டத்தில் இப்போது சகஜமான வாக்கியம். ‘உக்காருறது’ என்ற சொல்லுக்கே புதுப் பொருள் வந்துவிட்டது.

ஆக இந்தத் தேர்வு எதை அளக்கிறது? ஒரு குடும்பத்தால் எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பதை. சம்பாதிக்காத ஒரு வாலிப உடம்புக்கு எத்தனை வருடம் சோறு போட்டு, கட்டணமும் கட்டி, ‘கல்யாணம் எப்போ’ என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு எத்தனை வருடம் பதில் சொல்ல முடியும் என்பதை. அந்தக் காத்திருப்பின் வசதிக்குத்தான் நாம் ஊக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். டாக்டர் வீட்டுப் பையன் மூன்றாவது முறை எழுதினால் விடாமுயற்சி. கொத்தனார் வீட்டுப் பையன் மூன்றாவது முறை எழுதினால் ‘வேலவெட்டி இல்லாம சுத்துறான்’.

*

காத்திருப்பைப் பற்றிப் பேசுகிறபோது சிதம்பரத்தைத் தவிர்க்க முடியாது. ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயரைப் பெற்றவர் நந்தனார். பெரியபுராணம் அவரைத் திருநாளைப்போவார் என்கிறது. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். கொடுத்த தோலும் நரம்பும் உள்ளே போய் ஒலிக்கும், கொடுத்தவர் எல்லைக்கு வெளியே நிற்பார். சேக்கிழாரில் தடை சாதியின் எல்லையாக மட்டும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கதைக்குள் ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடி, அப்புறம் போ என்கிறார் அந்த வேதியர். அங்கே ‘நாளை’ என்பது பக்தனின் ஏக்கமாக இல்லாமல் ஆண்டையின் நிபந்தனையாக மாறுகிறது. இந்த மாற்றத்தின் அரசியலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான். நாற்பது வேலியைத் தெய்வம் ஒரே இரவில் முடித்துக் கொடுத்தது என்கிற இடத்தில் பண்ணையாரின் நிபந்தனை நியாயமா என்கிற கேள்வி கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. நிபந்தனை அப்படியே இருக்கிறது. நந்தனுக்கு மட்டும் அதிசயமாக நிறைவேறிவிடுகிறது. ஒவ்வொரு ஜூனிலும் செய்தித்தாளில் வருகிற ‘கூலித் தொழிலாளி மகள் சாதனை’ இந்த அதிசயத்தின் வடிவத்தில்தான் எழுதப்படுகிறது.

அப்புறம் தீ. நாற்பது வேலி முடித்தவரையும் சும்மா உள்ளே விடவில்லை. தீயில் இறங்கி, பழைய உடம்பு போய், பூணூலோடு முனிவராக வெளியே வந்த பிறகுதான் அனுமதி. உள்ளே போனவர் திரும்பவும் இல்லை. தகுதித் தேர்வின் தர்க்கம் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் எழுதப்பட்டதாக நான் பார்த்ததில்லை. 2017 மே மாதம் முழுக்கைச் சட்டையைக் கத்தரித்து, தோடு, மூக்குத்தியைக் கழற்ற வைத்துப் பிள்ளைகளை உள்ளே விட்ட காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடியபோது பலருக்கு அது வெறும் நிர்வாகக் கெடுபிடியாகத் தெரிந்தது. வாசலில் ஒரு உடம்பு எதையெதை விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது நிர்வாகம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல என்று சிதம்பரத்துக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மொழியும் அப்படித்தான் கழற்றப்பட்டது. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1965 மொழிப்போரில் சுடப்பட்ட மாணவர் ராசேந்திரனின் சிலை அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலில் நிற்கிற ஊர் இது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

அதே 2017 நவம்பரில் தமிழக அரசு அரசுப் பள்ளி மாணவர்களுக்காக இலவச நீட் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 412 மையங்கள். திட்டத்துக்கு வைத்த பெயர் ‘தொடுவானம்’. கிட்டே போகப் போகத் தள்ளிப் போவது. பெயர் வைத்த அதிகாரி நாளைப்போவார் புராணத்தைப் படித்தவராக இருக்க வேண்டும் அல்லது தமிழை மறந்தவராக இருக்க வேண்டும்.

நந்தனை இப்படி மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அது நம் வழக்கமான சோம்பேறித்தனம். இதே ஊரில் வேறு ஒரு வாசிப்பு செங்கல்லும் சுண்ணாம்புமாக நடந்திருக்கிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கூடவே விடுதி. அவர் துறவி, பக்தர், சட்டமன்ற உறுப்பினர். நம்முடைய அளவுகோல்களுக்குள் சுலபமாக அடங்காத ஆள். அவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி ஊக்கப்படுத்தினார் என்பதைவிட, தங்குவதற்கு இடமும் மூன்று வேளைச் சோறும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க இன்னொரு பிள்ளையும் கிடைக்கிற மாதிரி செய்தார் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விடுதி என்பது காத்திருப்பின் செலவைக் குடும்பத்தின் தலையிலிருந்து இறக்கி வைப்பது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் எவரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை; பேசினால் அவருக்குத் தொழில் ஓடாது.

*

தீயைத் தாண்டி உள்ளே போனவர்கள் கதை என்ன ஆனது என்பதற்கும் சிதம்பரத்திலேயே சாட்சியம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிதி நெருக்கடியின்போது 2013இல் அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் தனியார் கட்டணமாகவே தொடர்ந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள், இங்கே எம்.பி.பி.எஸ். படிப்புக்கு 5 லட்சத்துக்கும் மேல். நீட் எழுதித் தேறி, கலந்தாய்வில் இடம் பெற்று வந்த மாணவர்கள் 2020 டிசம்பரில் வளாகத்தில் உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் நடந்தது. விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், அவர்கள் போகவில்லை. 2021 ஜனவரி இறுதியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது, கட்டணமும் இறங்கியது.

இந்தப் போராட்டத்தை நான் ஊக்கம் பற்றிய ஒரு மாற்றுப் பிரதியாக வாசிக்கிறேன். ‘நீ’ என்று தனித்தனியாகக் கூப்பிடப்பட்டு, தனித்தனியாக அளக்கப்பட்டு, தரவரிசை எண்களாக வந்து சேர்ந்த பிள்ளைகள், ஒருவரை ஒருவர் முந்தத்தான் பயிற்றுவிக்கப்பட்டவர்கள், ‘எங்களுக்கு’ என்று பேச ஆரம்பித்தார்கள். இதற்கு யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. கையில் ஒரு கட்டண ரசீது இருந்தது, எல்லார் கையிலும் ஒரே ரசீது இருந்தது. அதே வருடம்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வந்தது. முதல் ஆண்டிலேயே மருத்துவமும் பல்மருத்துவமும் சேர்த்து ஏறத்தாழ 400 பேருக்கு இடம் கிடைத்தது. முந்தின வருடத்தைவிட அந்த வருடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊக்கம் கூடிவிட்டதா என்ன? சட்டம் மாறியது, அவ்வளவுதான். ‘தகுதி’யின் காவலர்கள் என்ன செய்தார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்: 2023இல் முதுநிலை நீட்டில் இடங்கள் நிரம்பாமல் கிடந்தபோது தகுதி வரம்பைப் பூஜ்யம் பெர்சென்டைலுக்கே இறக்கினார்கள். மருத்துவத்தின் தரம் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

*

இனி நம்மைப் பற்றி. இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் அநேகம் பேர் நீட்டுக்கு எதிராகக் கையெழுத்து வாங்கியவர்கள், மேடை ஏறியவர்கள். வீட்டுக்குப் போனதும் நம் பிள்ளையிடம் ‘போனை வெச்சிட்டுப் படி’ என்கிறோம். இதில் பாசாங்கு இருக்கிறது என்று குற்றம் சாட்ட நான் வரவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு நியாயமாக இருக்கக்கூடிய காலம்தான் இது. 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இந்த இடைப்பட்ட காலத்தில் பதினேழு வயதைக் கடந்த பிள்ளைகளிடம் ‘தேர்வு ஒழிந்துவிடும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுவும் ஒரு ‘நாளை’தான். போராட்டம் தேவை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. போராட்டத்தின் மொழி, துண்டறிக்கையின் எதிர்காலத் தொனியை எங்கே வாங்கிக்கொண்டது என்று கேட்கிறேன்.

இதைவிடக் கடினமான ஒன்று. கடலூர் மாவட்டத்தை அடுத்த அரியலூர் மாவட்டத்தின் குழுமூரைச் சேர்ந்த அனிதா 1200க்கு 1176 வாங்கியவர். நீட்டில் 720க்கு 86. உச்சநீதிமன்றம் வரை போய் வாதாடியவர். 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவின் பொறுப்பை ஒரு பெண்ணின் ‘மனவலிமை’யில் தேடியவர்களை நாம் எதிர்த்தது சரி. ஆனால் பிறகு நாம் அச்சிட்ட சுவரொட்டிகளைப் பாருங்கள். அவர் உச்சநீதிமன்றத்துக்குப் போனார் என்பது சின்ன எழுத்தில், இறந்தார் என்பது பெரிய எழுத்தில். அவருக்குப் பிறகும் வருடா வருடம் பெயர்கள் சேர்ந்துகொண்டே வந்தன. நாமும் படங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தோம். பயிற்சி மையத்தின் பிளெக்ஸில் தேறியவர்கள் வரிசை, நம் பிளெக்ஸில் இறந்தவர்கள் வரிசை. தேறாமலும் சாகாமலும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற தொண்ணூற்றைந்து பேருக்கு இரண்டு பிளெக்ஸிலும் இடம் இல்லை. ராஜஸ்தானின் கோட்டாவில் 2023 ஆகஸ்டில் விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. பாரம் தொங்கினால் இறங்கிவிடுமாம். பிள்ளை சாகக்கூடாது, வகுப்பு நிற்கவும் கூடாது. அதைப் படித்துச் சிரித்தோம். சாவுக்கு மட்டும் கவனம் கொடுக்கிற நம் அரசியலும், அந்த விசிறியைப் போலத்தான், உயிரோடு இருக்கிறவள் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்று கேட்பதில்லை.

படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை நம்மிடம் ‘எப்படி சார் விடாம படிக்கிறது’ என்று கேட்டால் ஃபூக்கோவைச் சொல்லி அனுப்ப முடியாது. என் அனுபவத்தில் பிள்ளைகளைத் தொடர வைத்தவை ரொம்பச் சாதாரணமானவை. விளக்கு எரிகிற ஒரு அறை. இரவு ஏழரைக்கு மேல் பயமில்லாமல் வீடு திரும்ப ஒரு துணை. தப்பாகப் போட்ட கணக்கை முகம் சுளிக்காமல் மறுபடி போட்டுக் காட்டுகிற ஆள். மே மாதம் இரண்டு வாரம் முந்திரி வேலைக்கு மாற்று ஆள். இவற்றில் எதையும் ஒருத்தி தன் மனசுக்குள்ளிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. யாராவது செய்து கொடுத்தால்தான் உண்டு. சங்கத்துக் கட்டடங்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் மாலை நேரத்தில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்று வாசகர்களே எண்ணிச் சொல்லட்டும்.

நிறுத்துவதைப் பற்றியும் பேச வேண்டும். தமிழில் நிறுத்துவதற்கு மரியாதையான சொல் இல்லாமல் போய்விட்டது. ‘உட்டுட்டா’, ‘முடியல அவளால’, இல்லாவிட்டால் ‘டிஸ்கண்டினியூ’. புவனகிரிப் பக்கம் மூன்று பெண்கள் ஒரே செட் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகச் சேர்ந்து படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு, ஒரு வீட்டுத் திண்ணையில். போன வருடம் முடிவு வந்ததும் அதில் ஒருத்தி, இனி எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சிதம்பரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்தாள். மற்ற இருவரும் இன்னும் எழுதுகிறார்கள். ஞாயிறு திண்ணைக்கு அவளும் வருகிறாள். விடைத்தாள் திருத்துவது இப்போது அவள் வேலை. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி, ‘இன்னாடி, நீ உட்டுட்டியாமே?’ என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை அவளுடைய சிநேகிதிதான் எனக்குச் சொன்னாள்: ‘உடல ஆயா. நான் அந்தாண்ட பக்கம் மாறி உக்காந்துட்டேன்.’